மூன்று நாள் லீவும் கிழக்குக் கடற்கரைச் சாலையும்

எங்கள் வீட்டில் வெளியூர்ப் பயணம் என்றால் சாவு, கல்யாணம், ஆஸ்பத்திரி, மாநாடு, இந்த நான்கில் ஒன்றுதான். சும்மா சுற்றிப் பார்க்க என்று யாரும் கிளம்பியதில்லை. நானும் பதினோரு வருடமாகத் தமிழ்நாடு முழுக்க பஸ்ஸில் அலைகிறேன். அதுவும் பெரும்பாலும் வன்கொடுமை நடந்த ஊர்களுக்கு. குடியரசு தினம் வெள்ளிக்கிழமை வந்ததால் அம்மா, அண்ணன், அண்ணன் மகளோடு வாடகைக் காரில் கிளம்புகிறேன் என்றதும், "என்ன தோழர், டூரா?" என்று சிரித்தார்கள். ஆமாம், டூர்தான். ஓய்வு என்ன, சில சாதிகளுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த சொத்தா?

ஆனால் தோழர்களே, இந்தச் சாலை நம்மைச் சும்மா பார்க்க விடுவதில்லை.

மாமல்லபுரம் வரை இரண்டு பக்கமும் ரிசார்ட், பண்ணை வீடு, மனை விற்பனை போர்டு. இது பழைய செங்கல்பட்டு மாவட்டம். கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதியது இங்கிருந்துதான். அதைத் தொடர்ந்து வந்ததுதான் பஞ்சமி நிலம். அந்த நிலத்தை மற்ற சாதியார் வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. அது எப்படிக் கைமாறியது என்று கேட்டுத்தான் காரணை மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். மனைப் போர்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்த அண்ணன் மகள், "இதுல எது பஞ்சமி நிலம்னு எப்படி அத்தை தெரியும்?" என்றாள். பழைய நிலப் பதிவேட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றேன். மாணவர்கள் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு செமஸ்டர் புராஜெக்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது.

மரக்காணம் உப்பளங்களைப் பார்த்ததும் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. "வெயில் கண்ணைக் குத்துது, இதுல எப்படிம்மா நாள் முழுக்க நிக்கறாங்க" என்று மட்டும் சொன்னார். 2013 ஏப்ரலில் இதே ஊரில் நம் மக்களின் வீடுகள் எரிந்ததை அப்போது நான் எடுக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரவு தங்கிய இடத்தின் பெயர் வேண்டாம். ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்த பிறகும் உரிமையாளருக்குச் சொந்த ஊர் தெரிய வேண்டியிருந்தது. ஊரைச் சொன்னால் "ஊர்லயா, தெருவுலயா?" "காலனி" என்றார் அண்ணன், சத்தமாக. அறை கிடைத்தது. காலையில் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி, எங்களுக்குப் பேப்பர் கப்பில்.

தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டைக்குக் கீழே அம்மா முழங்கால் வரை அலையில் நின்றார். அறுபத்தைந்து வயதில் முதல்முறை. அந்தப் படத்தைத்தான் நான் போனில் வைத்திருக்கிறேன்.

நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைகள். தொண்ணூறுகளில் வயல்கள் இறால் குளங்களானபோது கூலி வேலை போனது, குடிநீர் உப்பானது. கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் மக்களைத் திரட்டினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இருக்கும் பண்ணைகளை அகற்றச் சொல்லி 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் தனிச்சட்டம் கொண்டுவந்து பண்ணைகளுக்கு வழி செய்து கொடுத்துவிட்டார்கள். தீர்ப்பு வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்கும் இளம் தோழர்கள் இந்த வழக்கை முழுதாகப் படியுங்கள்.

கடைசி நாள் கடலை விட்டு உள்ளே திரும்பி கீழ்வெண்மணி போனோம். கூடுதல் நெல் கூலி கேட்ட ஊர். 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1973இல் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. அண்ணன் மகள் 44 பெயர்களையும் வாய்விட்டுப் படித்தாள். அம்மா கேட்டுக்கொண்டே நின்றார். அந்த வருடம் அவருக்கும் ஒன்பது வயதுதான், எங்கள் ஊரில் களை பறித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ரோட்டோரம் நின்ற ஒரு பெண்ணிடம் போய், "இப்ப அறுப்புக் கூலி எவ்ளோம்மா?" என்று கேட்டார்.

"கூலி எங்கக்கா, மெஷின்தான் அறுக்குது."

இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள். அண்ணன் ஹாரன் அடித்தும் அம்மா வரவில்லை.