அளவு கேட்காமல் செய்த அலமாரி

எங்கள் வீட்டுத் தையல் அறையில் இருக்கும் அலமாரியைப் பற்றி நான் ஊரெல்லாம் சொல்லிவந்த கதை இதுதான்: வீணாகக் கிடந்த பழைய மரத்தை எடுத்து, கடைக்கும் போகாமல், ஆசாரிக்கும் செலவழிக்காமல், என் கையாலேயே மனைவிக்கு ஓர் அலமாரி செய்து கொடுத்தேன். கேட்டவர்கள் ‘பரவாயில்லையே!’ என்றார்கள். நானும் அடக்கமாகச் சிரித்துவைத்தேன். சொன்னதில் பொய் கிடையாது. சொல்லாமல் விட்டதுதான் அதிகம். அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது சதுரங்கப்பட்டினம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டிய கடலோர ஊர். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே வந்து தங்கியது இந்தப் பக்கத்து நெசவாளர்களின் மெல்லிய பருத்தித் துணியைக் கப்பலேற்றத்தான். அவர்கள் கட்டிய கோட்டை இப்போது தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அந்தத் துணி வியாபாரம் எப்போதோ போய்விட்டது. எங்கள் தெருவில் துணியை நம்பி இன்றும் ஒரு வருமானம் வருகிறதென்றால் அது என் மனைவிக்குத்தான். கல்பாக்கம் குடியிருப்பிலிருந்தும் புதுப்பட்டினத்திலிருந்தும் பிளவுஸ் தைக்கக் கொடுப்பார்கள். புடவைக்கு ஃபால்ஸ் வைப்பது, ஓரம் அடிப்பது, பள்ளிச் சீருடையைப் பிரித்துப் பெரிதாக்குவது எல்லாம் உண்டு. தீபாவளி நெருங்கினால் நள்ளிரவிலும் மெஷின் சத்தம் கேட்கும். பிள்ளைகள் படித்த காலத்தில் என் சம்பளம் எட்டாத மாதங்களில் பள்ளிக் கட்டணம் கட்டியது அந்த மெஷின்தான்.

இவ்வளவும் தெரிந்த நான், வீட்டுக்கு வருகிறவர்களிடம், ‘சும்மா இருக்கப் பிடிக்காது, ஏதோ தைச்சிக்கிட்டிருப்பா’ என்பேன். அவள் காதில் விழும்படியே சொல்வேன். தமிழ்நாடு அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் ஒரு திட்டம் வைத்து, கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் இலவசமாகத் தையல் மெஷின் கொடுக்கிறது. பிழைக்க ஒரு தொழில் வேண்டும் என்றுதான் கொடுக்கிறது. அரசாங்கத்துக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. என் வீட்டில் ஓடிய மெஷின் எனக்குப் பொழுதுபோக்காகவே பட்டது.

அவள் அலமாரி கேட்டதில் ஆடம்பரம் ஒன்றும் இல்லை. நூல்கண்டுகள், பாபின், ஊக்கு, கொக்கி, லைனிங் துணி இவற்றுக்குத் தனித்தனி இடம் வேண்டும். வாடிக்கைக்காரர்களின் துணி ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க வேண்டும். அதுவரை எல்லாம் பிளாஸ்டிக் பைகளிலும் பழைய பிஸ்கட் டப்பாக்களிலும் கிடந்தன. ‘வீட்டுலயே இவ்ளோ மரம் கெடக்குதே, நானே செஞ்சு தரேன்’ என்றேன்.

மரம் கிடந்தது உண்மைதான். வீட்டு முன்பக்கத்தை இடித்துக் கட்டியபோது கழற்றிய தேக்கு நிலையும் ஜன்னல் சட்டங்களும் இருந்தன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் எங்கள் கொல்லையில் சாய்ந்த மாமரத்தை அறுத்துவைத்த பலகைகள் இருந்தன. ஏதோ ஒரு பொருள் வந்த பேக்கிங் பெட்டியின் பலகை இருந்தது. இவற்றோடு 18 எம்.எம். பிளைவுட் துண்டுகளும் ஒரு கட்டு. அந்தத் துண்டுகள் எங்கிருந்து வந்தன என்பதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஹாலில் டிவி வைப்பதற்கு ஓர் அலமாரி செய்தோம். அதற்கு 8க்கு 4 அடி பிளைவுட் புதிதாக வாங்கினேன். தண்ணீர் பட்டாலும் உப்பாத ரகம் வேண்டுமென்று கேட்டு வாங்கினேன். மேலே மைக்கா, டிராயருக்கு உயர்ந்த சேனல். ஆசாரி கேட்ட கூலிக்குப் பேரம் பேசவில்லை. அதில் மிஞ்சிய துண்டுகள்தான் தையல் அறைக்கு ஒதுக்கிய பங்கு.

டிவி அலமாரி செய்த அதே ஆசாரி வந்து மரக்குவியலைப் பார்த்தார். நிலைச் சட்டத்தைப் புரட்டி, நகத்தால் கீறினார். ‘சார், தேக்கு நல்லா வைரம் பாஞ்ச மரம். ஆனா உள்ள எத்தனை ஆணி இருக்குன்னு தெரியாது. ஒவ்வொண்ணாப் புடுங்கணும். ஒண்ணு மாட்டுச்சுன்னா இழைப்புளி பிளேடு போச்சு. மாமரம் வேணாம், வண்டு வெக்கும். அம்மாகிட்ட அளவ கேட்டு சொல்லுங்க, பாத்து செஞ்சுடலாம்’ என்று ஒரு தொகை சொன்னார். பழைய மரத்தில் மரத்தின் விலை குறையும், உழைப்பின் விலை கூடும். கோணல் எடுக்க வேண்டும், கனம் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும், பழைய துளைகளை அடைக்க வேண்டும். அவர் கேட்டது நியாயமான கூலி. ‘மிச்ச மரத்துக்கு இவ்ளோ கூலியா?’ என்றேன். டீ வாங்கிக் கொடுத்து, எதை எங்கே எப்படி இணைப்பது என்று வாயைக் கிளறித் தெரிந்துகொண்டு, பிறகு சொல்லியனுப்புவதாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவருடைய தொழில் அறிவை ஒரு டீ விலைக்கு வாங்கினேன். அதிலும் அளவு கேட்கச் சொன்ன ஒன்றை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்குத் துணைக்கு வரலாறு வேறு கிடைத்தது. 1851இல் ஐசக் சிங்கர் காப்புரிமை வாங்கி விற்ற தையல் மெஷினுக்கு ஆரம்பத்தில் தனி மேசை கிடையாது. மெஷின் வந்த மரப்பெட்டியே மேசை. மிதியையும் அதிலேயே பொருத்தி ஓட்டினார்கள். ‘சிங்கரே பேக்கிங் பெட்டியிலதான் ஆரம்பிச்சாரு’ என்று அவளிடம் அளந்தேன். அந்தப் பெட்டியை, மெஷினும் மிதியும் அதில் உட்காரும்படி யோசித்துச் செய்திருந்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. 1868இல் அமெரிக்காவின் சவுத் பெண்ட் நகரத்தில், மெஷினுக்கு அலமாரியும் மேசையும் செய்வதற்கென்றே சிங்கர் நிறுவனம் தனித் தொழிற்சாலை தொடங்கியதையும் சொல்லவில்லை. வசதியான பாதியைச் சொல்லி நிறுத்திக்கொள்வது எனக்குப் பழக்கம்.

டேப்பை எடுத்து நான் அளந்தது மரத்தை. மாம்பலகை 9 அங்குல அகலம். ஆகவே தட்டு 9 அங்குல ஆழம். பிளைவுட் துண்டு எவ்வளவு நீளமோ, அலமாரி அவ்வளவு உயரம். அறுத்தால் வீணாகிவிடுமே! பேக்கிங் பலகையின் அகலத்துக்கு டிராயர் அமைந்தது. அவள் ஒரு கூம்பு நூலைக் கொண்டுவந்து டிராயரில் நிறுத்தினாள், மூட முடியவில்லை. நூலைப் படுக்கவைத்தாள். டிராயரை இழுக்கும்போதெல்லாம் அது உருண்டு பின்னால் போய், சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஒரே சிக்கலாக வந்தது. மடித்த புடவை 9 அங்குலத் தட்டில் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. மேல் தட்டு அவளுக்கு எட்டவில்லை. அவள் நின்றுகொண்டுதான் துணி வெட்டுவாள். அதற்கு இடுப்பளவு உயரத்தில், சுமார் 34 முதல் 36 அங்குலத்துக்குள் ஒரு சமமான பரப்பு வேண்டும். என் அலமாரியில் அந்த உயரத்தில் இருந்தது தேக்குச் சட்டம். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று குறுக்கே வைத்தது. அவள் பழையபடி தரையில் குந்தித் துணி வெட்டினாள். ‘பழகிடும்’ என்றேன்.

கதவு போடவே இல்லை. கேட்டபோதெல்லாம், ‘அஞ்சு ரதமும்தான் முடிக்காம நிக்குது. யுனெஸ்கோக்காரன் 1984லயே உலகச் சொத்துன்னு சொல்லிட்டான்’ என்று சிரித்தேன். மாமல்லபுரத்துக்கு இத்தனை அருகில் இருந்தும் அந்த ரதங்களில் நான் கற்றுக்கொண்டது இந்தச் சாக்கு ஒன்றுதான். திரௌபதி ரதம் ஒரு கூரை வீட்டை அப்படியே கல்லில் படியெடுத்தது. மரத்தையும் ஓலையையும் அவ்வளவு கூர்ந்து பார்த்தவர்கள் செதுக்கியது அது. ஒரு வீட்டில் மனிதர் எங்கே நிற்பார், எப்படி நுழைவார் என்று தெரிந்தவர்கள். என் வீட்டுக்குள் இருந்தவள் எப்படி உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

ஐப்பசி மழை வந்ததும் மரம் தன் வேலையைக் காட்டியது. ஈரம் குடித்தால் மரம் நீளவாக்கில் அதிகம் நீளாது, குறுக்குவாக்கில் உப்பும், வெயிலில் சுருங்கும். பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அது அவ்வளவாக அசையாது. உப்புகிற மாம்பலகையை அசையாத பிளைவுட்டோடு பெவிகால் போட்டு, ஆணியும் அடித்து இறுக்கினால் என்ன ஆகும்? கோடையில் பலகை பிளந்தது. மழையில் டிராயர் இறுகிக்கொண்டது. அதுவும் தீபாவளித் தையல் குவிந்த நேரத்தில். ஆசாரி எச்சரித்த வண்டும் வந்தது. காலையில் பார்த்தால் தட்டில் மாவு சலித்துக் கொட்டியதுபோல் மரத்தூள். வெள்ளை லைனிங் துணியை உதறி உதறித்தான் எடுப்பாள்.

எல்லாவற்றையும்விடக் கேவலமானது ஆணி விஷயம். பழைய நிலையிலிருந்து பிடுங்கிய ஆணிகளைத் தட்டி நிமிர்த்தி, அவற்றையே அடித்திருந்தேன். கடற்கரை ஊரில் உப்புக் காற்றுக்கு இரும்பு எத்தனை நாள் தாங்கும்? ஒரு வாடிக்கைக்காரரின் பட்டுப் புடவைக்குரிய ரவிக்கைத் துண்டு அந்தத் தட்டில் இருந்தது. சந்தன நிறம். மழை நாளில் ஆணித் தலை பட்ட இடத்தில் துருக்கறை ஏறிவிட்டது. புடவையோடு சேர்த்து நெய்த துண்டு. எந்தக் கடையில் தேடினாலும் கிடைக்காது. எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். கறை வெளுத்தது; சாயமும் சேர்ந்து வெளுத்தது.

அந்த அம்மா வந்தபோது நான் ஹாலில்தான் இருந்தேன். ‘என் கவனக்குறைவுதாங்க’ என்று என் மனைவி சொன்னது கேட்டது. தன் பணத்தை எண்ணிக் கொடுத்ததும் கேட்டது. எழுந்து போய், ‘அலமாரி ஆணியில ஏறின துரு, நான்தான் அடிச்சேன்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செய்தித்தாளைத் திருப்பினேன். அந்த அம்மா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குத் தைக்கக் கொடுக்கவில்லை. சில வாரங்கள் கழித்து வந்த ஒரு விருந்தாளியிடம் அதே அலமாரியைக் காட்டி, மரத்தை வீணாக்கக் கூடாது என்று பேசிக்கொண்டிருந்தேன். பிளைவுட் வந்த வழியும் இந்தத் துருவும்தான் நான் மறைத்துவைத்திருந்தவை.

மரத்தின்மேல் பழி போட எனக்கு இடமில்லை. பல பத்தாண்டுகளாக நிலையில் நின்று காய்ந்த தேக்கைப்போல் நம்பகமான மரம் புதிதாக வாங்கினாலும் எளிதில் கிடைக்காது. மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய சிற்பக் கல்லூரியில் இன்றும் மரச்சிற்பம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே படித்த ஓர் உறவுக்காரப் பையன் பின்னால் வந்து பார்த்துவிட்டுச் சொன்னதும் இதைத்தான். பெட்டிக்கு பிளைவுட், முகப்புச் சட்டத்துக்கும் டிராயர் முகத்துக்கும் பழைய தேக்கு, மாம்பலகை வேண்டவே வேண்டாம், ஆணிக்குப் பதில் பித்தளைத் திருகு, மழைக்கு உப்ப டிராயரைச் சுற்றிக் கொஞ்சம் இடைவெளி. எந்தத் துண்டு எதற்கு என்று முதலில் ஒரு காகிதத்தில் எழுதிவிட்டு அப்புறம் அறுக்க வேண்டும். இவ்வளவு செய்திருந்தால் மிச்ச மரத்திலேயே நல்ல அலமாரி வந்திருக்கும். ஆசாரி சொன்ன கூலியும் இதற்குத்தான்.

ஒரு நாள் இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். துரு விஷயம் எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, ‘தெரியும். பேப்பர் திருப்பற சத்தம் எனக்கும் கேட்டுச்சு’ என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, ‘டிவி வாங்கறதுக்கு முன்னாடியே அதோட நீள அகலத்தை எழுதி ஆசாரிகிட்ட குடுத்தீங்க. எனக்குத்தாங்க அளவு எடுக்கல’ என்றாள். ஊருக்கே அளவெடுத்துத் தைக்கிறவள் சொன்ன வார்த்தை அது. எனக்குப் பதில் இல்லை.

குற்றம் என் தச்சு வேலையில் இல்லை. எல்லாரும் தச்சர் ஆகிவிட முடியாது. என் குற்றம் கஞ்சத்தனம். அதையும் எல்லா இடத்திலும் காட்டவில்லை. எனக்குப் பெருமை சேர்க்கும் ஹாலுக்குப் புது மரம், வீட்டுக்குப் பணம் சேர்க்கும் அறைக்கு மிஞ்சியது என்று பங்கு பிரித்தேன். அந்தப் பிரிவினைக்குச் சிக்கனம் என்றும் சுற்றுச்சூழல் என்றும் பெயர் வைத்துக்கொண்டேன்.

ரவிக்கைத் துண்டுக்கு அவள் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆசாரிக்கும் முன்பணம் கொடுத்தாயிற்று. அளவெல்லாம் அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள். பழைய மரத்தில் தேக்கை மட்டும் ஆசாரி பயன்படுத்தப் போகிறார். உங்கள் வீட்டிலும் படிக்கட்டுக்கு அடியில் மரம் கிடக்கலாம். தாராளமாக எடுத்துப் பயன்படுத்துங்கள். ஆனால் டேப்பை எடுத்துக்கொண்டு முதலில் மரத்திடம் போகாதீர்கள். அந்த அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவரிடம் போய், என்ன வேண்டும், எவ்வளவு உயரத்தில் வேண்டும் என்று கேளுங்கள். தச்சர் கேட்கும் கூலியைக் கொடுங்கள். ஆணியைப் புதிதாக வாங்குங்கள்.