அடி அண்ணாமலையிலிருந்து ஒரு கொப்புளக் கடிதம்

அடி அண்ணாமலை,
பௌர்ணமிக்கு மறுநாள் காலை

அன்புள்ள அக்காவுக்கு,

போர்ட் பிளேரில் மழை விட்டதா? இங்கே விடிந்த பிறகும் தார் ரோட்டில் சூடு ஆறவில்லை. நேற்று இரவு கிரிவலம் கிளம்பினேன். மொத்தம் 14 கிலோமீட்டர். கடல்மணலில் நடந்து பழகிய கால் தாருக்குத் தாங்கவில்லை. வருண லிங்கம் தாண்டும்போதே பாதத்தில் கொப்புளம். மலைக்கு மேற்கே இருக்கும் இந்த ஊருக்கு நொண்டிக்கொண்டேதான் வந்து சேர்ந்தேன். கோயில் வாசலில் கற்பூரம் காட்டிவிட்டு, ரோட்டோர முதலுதவிப் பந்தலில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே ஐம்பதைத் தாண்டிய ஒரு நர்ஸம்மா. கொப்புளத்தைக் கழுவி மருந்து வைத்துக்கொண்டே, "எந்த ஊரும்மா?" என்றார். அந்தமான் என்றதும் கை நின்றது. "அங்க காட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு யாரு ஊசி போடறாங்க?"

நர்ஸான உங்களுக்கு லிட்டில் அந்தமானின் ஹட் பேக்கு மாற்றல் உத்தரவு வந்ததைச் சொல்லி, "நூறு பேருக்காக ஒரு நர்ஸா?" என்று நீங்கள் கேட்டது ஞாபகம் வந்தது. அவரிடம் சாந்தி தெரசா லக்ராவின் கதையைச் சொன்னேன். ரங்கத் பக்கத்துப் பெண். 2001-இல் அதே லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்கில் ஓங்கிப் பழங்குடியினருக்கு நர்ஸாகப் போனவர். அந்த இனத்தில் அப்போது மொத்தமே ஏறக்குறைய நூறு பேர். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது ஓங்கிகள் மேட்டுநிலத்துக்கு ஏறித் தப்பினார்கள். குடியிருப்பு போய்விட்டது. லக்ரா ஊரைப் பார்க்கப் போகாமல் காட்டில் அவர்களோடேயே கூடாரத்தில் தங்கினார். 2011-இல் பத்மஸ்ரீ.

நர்ஸம்மா வியப்பதாகவே இல்லை. "நான் ஜவ்வாது மலையில கிராம சுகாதார செவிலியரா இருந்தேன். அதுவும் தீவுதாம்மா, தண்ணி மட்டும்தான் இல்ல" என்றார். புதன்கிழமை தடுப்பூசி நாள். ஐஸ் வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஏறுவாராம். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலோடு பந்தயம் மாதிரி. பிரசவ வலி கண்டவளை டோலி கட்டித் தூக்கி வருவார்களாம். பாதி வழியிலேயே குழந்தை பிறந்ததும் உண்டாம்.

"சமவெளியில 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில 3,000 பேருக்கு ஒண்ணு. தலைய எண்ணிட்டாங்க, நடைய யாரு எண்ணினா?" என்று கேட்டார். பிறகு சொன்னதுதான் முக்கியம், அக்கா. "புது ஊருக்கு முதல் மூணு தடவை ஊசி எடுத்துட்டுப் போகவே மாட்டேன். சும்மா போயி சாமக்கூழு குடிச்சிட்டு வந்துடுவேன். நாலாவது தடவ அவங்களே புள்ளைய மடியில குடுப்பாங்க."

பந்தலுக்கு வெளியே பார்த்தேன். இந்த ரோட்டில் லட்சம் கால்கள் நடக்கின்றன, நர்ஸ் உட்கார்ந்திருக்கிறார். மலையிலும் காட்டிலும் ஜனங்கள் இருந்த இடத்தில் இருக்கிறார்கள், நர்ஸ்தான் நடக்க வேண்டும். அந்த நடைக்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்று எந்த உத்தரவிலும் எழுதியிருக்காது.

ஆனால் மலைக்கும் நம் காட்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நம் தீவின் ஜாரவாப் பழங்குடியினர் காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கியது 1997-98 வாக்கில். 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. வெளியிலிருந்து போகிறவர்கள் அன்போடு நோயையும் கொண்டுபோய்விடக்கூடும். ஆகவே அங்கே நர்ஸின் முதல் வேலை, தன்னிடமிருந்து அவர்களைக் காப்பாற்றுவது. இதைச் சொன்னபோதுதான் நர்ஸம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப சளி புடிச்சா வீட்லயே இருக்கறதும் டூட்டிதான்" என்றார்.

கால் இப்போது பரவாயில்லை. மீதிச் சுற்றை இன்று மாலை முடிக்கிறேன்.

நூறு பேருக்கு ஒரு நர்ஸ் அதிகமில்லை, அக்கா. போய் வரும் தூரத்தையும் காத்திருக்கும் நாட்களையும் கூட்டினால் அது மூவாயிரத்துக்குச் சமம். உத்தரவை ரத்து செய்யச் சொல்லி எழுதாதீர்கள். ஹட் பேக்குக் கப்பல் ஏறுங்கள். முதல் மூன்று தடவை கை வீசிக்கொண்டே போய் வாருங்கள். சளி பிடித்திருந்தால் மட்டும் போகாதீர்கள்.

உங்கள் அன்புத் தங்கை