வைரம் பாய்ந்த பலகை

சென்னையிலிருந்து புதுவை நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் மரக்காணத்தை நெருங்கும்போது கண்களைச் சுருக்கிக் கொள்வர். பாத்தி பாத்தியாய் விரிந்த உப்பளங்களில் வெயில் பட்டுத் தெறிக்கும் ஒளி அத்தகையது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. அருகிலுள்ள கழுவேலி நீர்ப்பரப்பு 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆயினும் நாம் அங்குச் சென்றது பறவை காண அன்று, பலகை தேடியே.

நம் பங்கில் பழைய அம்பாசிடர் கார் ஒன்று உண்டு. 1958 முதல் 2014 வரை நம் நாட்டில் உருவாகிய அவ்வண்டியை அறியாத குடும்பம் இராது. ஒரு நாள் உப்பளத்தில் உழைத்துத் தளர்ந்த மூதாட்டி ஒருவரை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றோம். வழியில் பின் இருக்கை சட்டென அமிழ்ந்தது. அவர் வலியால் முனகிய ஒலி நம் நெஞ்சை அறுத்தது. திறந்து பார்த்தால், சுருள்கம்பிகள் துருவேறி, அடியில் என்றோ எவரோ வைத்த பலகை உளுத்துக் கிடந்தது. உப்பு காற்றின் ஈரத்தை ஈர்ப்பது. கடலோரத்தில் அதற்கு இரும்பும் தப்பாது, மட்டமான மரமும் தப்பாது.

நகரத்து மரக்கடை ஒன்றில் தேக்கு என்று கூறி வெளிறிய பலகையைக் காட்டினர். விலை கொடுக்க இருந்தோம். உடன் வந்த மரக்காணத்து ஆசாரி அதைப் புரட்டிப் பார்த்து, “தேக்குதான் சாமி. ஆனா வைரம் எங்கே?” என்றார்.

மரத்தின் நடுப்பகுதி முதிர்ந்து இறுகி நிறம் கொள்வதையே வைரம் பாய்தல் என்கிறோம். அதைச் சூழ்ந்த வெளிமரம் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இரையாகும். தேக்காயினும் வெளிமரம் வெளிமரமே. இங்கிலாந்தில் 1953 முதல் 1971 வரை செய்யப்பட்ட மாரிஸ் மைனர் டிராவலர் காரின் பின்புறச் சட்டம் ஆஷ் மரத்தால் ஆனது. அதிர்ச்சி தாங்கும் நல்ல மரம். எனினும் இணைப்புகளில் நீர் தேங்கினால் அதுவும் உளுத்துவிடும். ஒட்டுப்பலகையிலும் பேதம் உண்டு: ஐ.எஸ். 303 பொதுப் பயனுக்கானது, ஐ.எஸ். 710 கடல்நீரையும் தாங்கவல்லது.

ஆசாரியோ தம் பட்டறை நிழலில் ஆண்டுக்கணக்கில் உலர்ந்து கிடந்த பூவரசம் பலகையை எடுத்தார். பூவரசு கடற்கரையிலேயே வளர்வது, உப்புக்காற்றை அறிந்தது, அதன் செந்நிற வைரம் எளிதில் கோணாது. அதை முழுப்பலகையாய் அடைக்காமல், காற்றோட இடைவெளி விட்டுச் சட்டங்களாக அறுத்தார். ஈரம் புகும் வாய் மரத்தின் வெட்டுமுனையே என்று கூறி, அங்கு ஆளிவிதை எண்ணெயை இருமுறை பூசினார். இரும்பாணியை விலக்கிப் பித்தளைத் திருகாணிகளை முடுக்கினார். கம்பிகளின் துருவைச் சுரண்டி வண்ணமும் தீட்டினார்.

திரும்பும் வழியில் உப்பளத்தில் சற்று நின்றோம். தொழிலாளர் மரப்பலகையால் உப்பை வாரிக் கொண்டிருந்தனர். சீடரை உப்புக்கு ஒப்பிட்ட நம் ஆண்டவர் தச்சர் பட்டறையில் வளர்ந்தவர். வெளிமரம் எது, வைரம் எது என்பதை அவர் கைகள் அறிந்திருக்கும். தேக்கு என்னும் பெயர் பலகையைக் காப்பதில்லை. கிறிஸ்தவர் என்னும் பெயரும், ஏன், குரு என்னும் பெயரும் தனியே நம்மைக் காப்பதில்லை. பாரம் ஏறும் நாளில் உள்ளே இறுகியிருப்பதே தாங்கும்.

அடுத்த வாரம் அம்மூதாட்டியை மீண்டும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அச்சத்தோடு திரும்பிப் பார்த்தபோது, அவர் இருக்கையில் சாய்ந்து உறங்கிக் கொண்டிருந்தார்.