பேரீச்சம்பழமும் சிவப்பு விளக்கும்

துபாய் சென்று திரும்புகிறவர்கள் வானளாவிய கட்டடங்களைப் பற்றிப் பேசுவார்கள். நான் உங்களிடம் சொல்ல விரும்புவது அங்குள்ள ஒரு சாலைச் சந்திப்பைப் பற்றி.

2019ஆம் ஆண்டு ரமளான் மாதத்தில், என் சகோதரி மகனின் காரில் தேராவிலிருந்து ஷார்ஜாவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தேன். மஃரிபுக்குச் சில நிமிடங்களே இருந்தன. அந்நேரத்துச் சாலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பகலெல்லாம் பசித்தும் தாகித்தும் உழைத்தவர்கள், குடும்பத்தாருடன் அமர்ந்து நோன்பு திறக்கும் ஆவலில் ஒரே சமயத்தில் விரைகிறார்கள். முன்செல்லும் வாகனத்தை முட்டுவதுபோல் நெருங்கி, பின்னாலிருந்து விளக்கை மின்னவிட்டு, "விலகு" என்று விரட்டுகிறார்கள்.

அங்கே சட்டம் மென்மையானதன்று. 2017இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, சிவப்பு விளக்கைத் தாண்டினால் 1000 திர்ஹம் அபராதமும் 12 கரும்புள்ளிகளும். 24 புள்ளிகள் சேர்ந்தால் ஓட்டுநர் உரிமம் முடக்கப்படும். சாலையைக் கடப்பவருக்கு வழிவிடாதவருக்கு 500 திர்ஹம். எங்கும் கேமராக்கள். ஆயினும் மனிதன் கேமராவிடமும் கணக்குப் பார்ப்பவனாயிற்றே! துபாயில் வேக வரம்புக்கு மேல் 20 கிலோமீட்டர் வரை விட்டுக்கொடுப்பார்கள். ஆகவே, 100 என்று பலகை இருந்தால் 119இல் செல்வதே முறையென்று பலர் எண்ணுகிறார்கள். அபூதாபி 2018 ஆகஸ்டில் இச்சலுகையை நீக்கி, பலகையில் உள்ளதே வரம்பு என்று ஆக்கிவிட்டது.

நாங்கள் சிவப்பு விளக்கில் நின்றோம். இளைஞர்கள் சிலர் ஓடிவந்து, கார் கண்ணாடிகளைத் தட்டி, பேரீச்சம்பழமும் தண்ணீரும் அடங்கிய சிறு பொட்டலங்களை நீட்டினார்கள். நோன்பாளியா, எந்த நாட்டவர் என்றெல்லாம் கேட்கவில்லை. பசியின் பதற்றத்தில் விபத்து நேராதிருக்கவே ஆண்டுதோறும் இவ்வேற்பாடு. பாங்கு ஒலித்தது. என் மருமகன் பழத்தை வாயிலிட்டுக்கொண்டு, சாவகாசமாக வண்டியை நகர்த்தினான். இனி விரைந்து போய் ஆகவேண்டியது என்ன? அபராதம் தணிக்காத அவசரத்தை விருந்தோம்பல் தணித்துவிட்டது.

அவனே பெருநாள் விடுமுறைக்கு என்னுடன் ஊர் வந்தான். திருச்சி விமான நிலையத்திலிருந்து அதிராம்பட்டினத்துக்கு அவனே காரை ஓட்டினான். ஒரத்தநாட்டுக் கடைத்தெருவில் ஒரு மூதாட்டி சாலையைக் கடக்க முற்பட, அவன் ஒலிப்பானை அலறவிட்டு அவரைப் பின்வாங்கச் செய்தான். துபாயில் கோட்டருகே ஒரு குழந்தை நின்றாலும் வண்டியை நிறுத்துகிறவன்!

"ஏனப்பா இப்படி?" என்றேன்.

"இங்கே நான் நின்றால் பின்னால் வருகிறவன் இடித்துவிடுவான் மாமா" என்றான்.

அது முழுப் பொய்யன்று. பிறர் நிற்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் நாம் ஒவ்வொருவரும் நிற்காமல் போகிறோம். ஆனால், அவன் சொல்லாமல் விட்ட காரணம் ஒன்றும் இருந்தது. தஞ்சாவூரைத் தாண்டியது முதல் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, "நோன்பு திறக்க வீட்டுக்குப் போய்விடலாமா? கொஞ்சம் விரட்டு" என்று நச்சரித்தவன் நானேதான்.

அந்த மூதாட்டி இடுப்பில் கூடையுடன் ஓரமாய் ஒதுங்கி நின்றது கண்ணைவிட்டு அகலவில்லை. பட்டுக்கோட்டைக்கு முன்பாகவே ஒரு பெட்டிக்கடையருகே காரை நிறுத்தச் சொன்னேன். தண்ணீர் வாங்கிக்கொண்டோம். பையில் துபாய்ப் பேரீச்சம்பழம் இருந்தது.