வடக்கே வாய்க்கால்

ஆடி, ஞாயிறு

ஆடியில் யாரும் வீடு வாங்க மாட்டார்கள், குடி போகவும் மாட்டார்கள். அதனால்தான் ஆடியில் வீடு பார்க்கக் கிளம்பினோம். புரோக்கர்களுக்கு இந்த மாதம் வேலை குறைவு. கேட்ட கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்கிறார்கள். “இன்னைக்கே டோக்கன் போட்டுடுங்க மேடம், நாளைக்கு வேற பார்ட்டி வருது” என்று யாரும் நெருக்குவதில்லை. ஆடியில் எந்தப் பார்ட்டி வரும்?

என் கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, எனக்கு சென்ட்ரல் பக்கம். இரண்டுக்கும் தோதாக ஆவடி. ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம் என்று எல்லா விளம்பரமும் சொல்கிறது. புரோக்கர்கள் அதை பைக்கில் அளந்திருப்பார்கள் போலிருக்கிறது. இன்று பார்த்த மாடி வீட்டுக்குக் கூடுதல் தகுதி ஒன்று சொன்னார்கள்: லேக் வியூ. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் 2019-இல் பசுமைப் பூங்காவும் நடைபாதையும் வந்ததிலிருந்து இந்தச் சொல் சுற்றுவட்டாரத்தில் நன்றாக விலை போகிறது. பால்கனியிலிருந்து ஏரி தெரிந்தது, அழகாகத்தான் இருந்தது. ஆனால் நமக்கு ஏரி தெரிகிறது என்றால் ஏரிக்கும் நம்மைத் தெரியும். கலங்கல் எந்தப் பக்கம், உபரிநீர் எந்தத் தெரு வழியாகப் போகிறது என்று கேட்டேன். புரோக்கர் மாடுலர் கிச்சனைக் காட்டப் போய்விட்டார்.

ஆடி, வெள்ளி

பிடித்துப்போன தனி வீடு ஒன்றின் பத்திர நகல்கள் வந்திருந்தன. இரவு சாப்பாட்டுத் தட்டை எடுத்த கையோடு விரித்துவிட்டோம்.

விலை எவ்வளவு, யார் பேரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மூடுகிறவர்கள்தான் அதிகம். கடைசிப் பக்கத்தில் சொத்து விவரம் என்று இருக்குமே, அதில் செக்குபந்தி என்று நாலு வரி வரும். வீட்டுக்கு வடக்கே என்ன, தெற்கே என்ன என்று சொல்லும் அந்த நாலு வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. இப்போதைய பத்திரத்தில் ‘வடக்கு: 20 அடி ரோடு’ என்றிருந்தது. பின்னோக்கிப் போனேன். அதற்கு முந்தைய பத்திரத்திலும் ரோடு. தாய்ப்பத்திரத்தில் மட்டும், பழைய பத்திர எழுத்தரின் சாய்ந்த கையெழுத்தில், ‘வாய்க்காலுக்குத் தெற்கு’ என்றிருந்தது.

நடுவில் எங்கேயோ வாய்க்கால் ரோடாகிவிட்டது. சர்வே எண்ணைப் போட்டுப் புலப்பட வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அதே இடத்தில் நீளமாக, ஒல்லியாக ஒரு துண்டு. அ-பதிவேட்டில் அது வாய்க்கால் புறம்போக்கு. வீடு புறம்போக்கில் இல்லை, பட்டா நிலத்தில்தான் இருக்கிறது. வில்லங்கச் சான்றும் சுத்தம். வங்கி வழக்கறிஞர் ஒரு கேள்வி கேட்காமல் ஒப்புதல் தந்துவிடுவார். ஆனால் மழை பெய்தால் தண்ணீர் பழைய பத்திரத்தைத்தான் பின்பற்றும்.

வில்லங்கச் சான்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்த்தாயிற்று, வில்லங்கம் இல்லை என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். பதிவானது மட்டும்தான் அதில் வரும். பதியாத உயில், கோர்ட்டில் நடக்கிற பாகத் தகராறு, அசல் பத்திரத்தைத் தனியாரிடம் வைத்து வாங்கிய கைமாற்று எதுவும் அதில் தெரியாது. அசலைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. ஜெராக்ஸ் எடுக்கும்போது எந்தப் பின்குறிப்பையும் மறைத்துவிடலாம்.

அந்த வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். “ரோடு இருக்கே மேடம், வாய்க்கால் எங்க இருக்கு?” என்று புரோக்கருக்கு வருத்தம்.

ஆவணி, சனி

முகூர்த்த மாதம் வந்ததும் புரோக்கர்களின் குரலே மாறிவிட்டது.

பட்டாபிராம் தாண்டி ஒரு மனையைக் காட்டினார்கள். ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று பலகை. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தருவது பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்து அல்ல; சென்னைப் பெருநகரப் பகுதியில் அது சி.எம்.டி.ஏ.வின் வேலை. இதைத் தெரியாமலோ தெரிந்தோ ஒரு தலைமுறையே மனை வாங்கிவிட்டது. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று தடை போட்டபோதுதான் பலருக்குத் தங்கள் பத்திரத்தின் கதை தெரிந்தது. பிறகு 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் உருவான மனைப்பிரிவுகளுக்கு மட்டும் வழி. அதனால் அந்தக் காலத்து மனை என்றால் வரன்முறை ஆணையைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். ‘அப்ளை பண்ணியிருக்கோம்’ என்பது ஆணை ஆகாது.

அடுக்குமாடிகளும் பார்த்தோம். எனக்கு மனம் ஒட்டவில்லை என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். சதுர அடி என்று சொன்னால் எந்தச் சதுர அடி என்று கேட்க வேண்டும். சுவருக்குள்ளே நாம் புழங்குகிற கார்ப்பெட் ஏரியாவைத்தான் ரெரா சட்டம் கணக்கில் கொள்கிறது. நம் பேருக்கு எழுதித் தரும் பிரிபடாத பாகம் எவ்வளவு என்பதும் முக்கியம், நாளைக்குக் கட்டடம் பழசானால் மிஞ்சுவது அந்த மண்தான். ஒப்பந்தம் பதியாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. குடியேறிய ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் கோளாறு தெரிந்தால் கட்டியவரே சரி செய்து தர வேண்டும். இதெல்லாம் சட்டத்தில் இருக்கிறது. விற்பனைப் பிரிவுப் பையன் பேச்சில் நீச்சல் குளம் மட்டும்தான் இருந்தது.

ஐப்பசி, அடைமழை

மழைக்காகவே காத்திருந்த வீடு இது. முதல் பார்வையிலேயே பிடித்திருந்தது. ஆனால் மழை நாளில் பார்க்காமல் பேச்சை எடுப்பதில்லை என்று இவரிடம் சொல்லியிருந்தேன். காலையில் வானம் கொட்ட ஆரம்பித்ததும் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் குடையோடு போனேன்.

தெருவில் கணுக்காலுக்குக் கீழேதான் தண்ணீர். அதுவும் ஓடிக்கொண்டிருந்தது, தேங்கவில்லை. பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்டேன். “இங்கெல்லாம் தண்ணியே நிக்காதும்மா, 2015-லயே நிக்கலை” என்றார். சொந்த வீட்டுக்காரர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்பது வீண். தெருவில் தண்ணீர் நிற்கும் என்று சொன்னால் அவர் மனைக்கும்தான் விலை குறையும். முனையில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரரிடம் போனேன். அவருக்கு விற்க எதுவுமில்லை.

“மிக்ஜாம் புயல் அப்போ எப்படிண்ணா?”

“இந்தத் தெருவுல முட்டிக்குக் கீழ நின்னுச்சும்மா, மறுநாள் சாயந்திரம் வடிஞ்சிடுச்சு. பின்னாடித் தெருவுலதான் படகு விட்டாங்க. நீங்க பாக்குற வீட்ல வாசப்படி வரைக்கும் வந்துச்சு, உள்ள ஏறல.”

இப்படி ஒரு பதில் கிடைத்தால் போதும். 2023 டிசம்பரில் வாசற்படி வரை வந்த தண்ணீர் என்பது கணக்குப் போட முடிகிற தண்ணீர். வாசலில் நாலு படி இருந்த வீடாம்; இப்போது இரண்டுதான் தெரிகிறது. ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் போட்டு மற்ற இரண்டையும் புதைத்துவிட்டார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இலேயே அரசு உத்தரவு இருக்கிறது. எனவே எந்த வீட்டைப் பார்த்தாலும் தரைமட்டம் ரோட்டுக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், இன்னும் இரண்டு முறை ரோடு போட்டால் எங்கே இருக்கும் என்றும் பார்க்க வேண்டும்.

உள்ளே போனால் படுக்கையறைக் கூரை மூலையில் ஓதம். தட்டு அளவுக்கு ஒரு ஈரவட்டம், அதன் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வீட்டுக்காரர் சங்கடப்பட்டார். எனக்கோ சந்தோஷம். கோடையில் சுண்ணாம்படித்துக் காட்டியிருந்தால் தெரிந்தே இருக்காது. தளம் ஒழுகுவது பணத்தால் தீரும் வியாதி. விலை பேசும்போது அதுவே நமக்கு உதவும்.

கார்த்திகை, ஒப்பந்தம் போட்ட இரவு

வீட்டுக்காரர் ஹெச்.வி.எஃப்.பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1961-இல் அந்த டாங்கித் தொழிற்சாலை வந்த பிறகு இந்த ஊரில் தெருத்தெருவாக வீடு கட்டியவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். மகனோடு பெங்களூருக்குப் போகிறார், மனசில்லாமல்.

பச்சை நிற ஃபைல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கம்பி வாங்கிய ரசீதிலிருந்து எல்லாம் தேதிவாரியாக. அதற்கடியில் மில்லிமீட்டர் தாளில் பென்சிலால் வரைந்த ஒரு படம்: சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய் எது, கரண்ட் பைப் எது, கழிவுநீர்த் தொட்டியின் மூடி சமையலறைப் பின்சுவரிலிருந்து எத்தனை அடி, போர் எத்தனை அடி, எந்த வருடம் மோட்டார் மாற்றியது. “டிரில்லிங் போடறதுக்கு முன்னாடி இதப் பாரும்மா, இந்தச் சுவத்துல கை வெக்காதே” என்று ஒரு இடத்தில் விரலால் தட்டினார்.

பழைய வீடு வாங்குகிறவர்கள் சாவியோடு சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டியது இதுதான். வரைந்து வைத்திருக்கவில்லை என்றால், உட்கார வைத்து நாமே வரைந்துகொள்ள வேண்டும். பணம் கைமாறிய பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

போர்த் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுத்தோம். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாம், வேறு வழியில்லை என்றால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. எங்களது இரண்டுக்கும் நடுவில். குளிக்க, துவைக்கப் போதும். குடிக்க வேறு ஏற்பாடு.

தை, பதிவு நாள்

மார்கழி போகட்டும் என்று இரு வீட்டாரும் காத்திருந்து முடித்தோம். முத்திரைத்தீர்வையும் பரிமாற்றத் தீர்வையும் சேர்ந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. வழிகாட்டி மதிப்பு 2017-இல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தபோது பதிவுக் கட்டணம் 1-லிருந்து 4 ஆனது. 2023-இல் மதிப்பை ஏற்றிவிட்டுக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள். ஒரு கை தந்ததை மறு கை எடுத்த கதை. பெண்கள் பெயரில் பதிந்தால் 1 சதவீதம் சலுகை என்று 2025-இல் அறிவிப்பு வந்தது, 10 லட்சம் வரையிலான சொத்துக்கு. ஆவடியில் 10 லட்சத்துக்குக் கார் நிறுத்த இடம் கிடைத்தால் அதிகம்.

பட்டா, சொத்துவரி, ஈ.பி. மூன்றிலும் பெயர் மாற்றுவதை இந்த மாதமே முடிக்க வேண்டும். தள்ளிப்போட்டால் பழைய பெயரிலேயே பில் வந்துகொண்டிருக்கும், விற்கிற அன்றுதான் ஞாபகம் வரும்.

பங்குனி

தளவேலை. மழைக்காலத்தில் ஒழுகும் தளத்துக்கு மழைக்காலத்தில் வேலை செய்யக் கூடாது, கான்கிரீட் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும்.

மொட்டை மாடி முழுக்க மேலே ஒரு ரப்பர் பெயின்ட் அடித்துவிட்டால் போதும் என்று ஒருவர் சொன்னார். கொத்தனார் அண்ணா அதைக் காதிலேயே வாங்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உளியின் பின்பக்கத்தால் தட்டோடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். கெட்டியாக இருந்த இடத்தில் ‘டங்’ என்றது. விட்டுப்போன இடத்தில் ‘பொத்’ என்று பானைச் சத்தம். சாக்பீஸால் வட்டம் போட்டார். முடித்துப் பார்த்தால் வட்டமெல்லாம் ஒரே மூலையில், படுக்கையறைக்கு மேலே, மழைநீர்க் குழாயின் வாயைச் சுற்றி.

“ஓடு மேல தப்பில்லம்மா. வாட்டம் போயிடுச்சு. தண்ணி பைப்புக்குப் போகாம இங்கயே உக்காந்துக்குது.”

அந்த மூலையை மட்டும் பெயர்த்தெடுத்தார்கள். கீழே பழைய சுண்ணாம்புச் செங்கல்ஜல்லித் தளம், மூன்று அங்குலம், பழைய மெட்ராஸ் வீடுகளில் வழக்கமானது. இப்போது பலரும் சிமென்ட்டைக் கொட்டி வேலையை முடித்துவிடுகிறார்கள். சுண்ணாம்பு வெயிலில் விரிந்து சுருங்குவதற்கு இடம் கொடுக்கும், சிமென்ட் வெடிக்கும். அண்ணா சுண்ணாம்பை நீற்றி ஊற வைத்து, ஜல்லியோடு கலந்து போட்டு, மரக்கட்டையால் அடித்துக்கொண்டே இருந்தார். டியூப் லெவல் வைத்து வாட்டம் பார்த்து, மேலே தட்டோடு பதித்தார். கூலி கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரை எதிர் மூலையில் ஊற்றச் சொன்னேன். அது நெளிந்து நெளிந்து ஓடிவந்து குழாய்க்குள் இறங்கியது. அதன் பிறகுதான் கணக்கு முடித்தோம்.

அந்தக் குழாய் முன்பு நேரே தெருவில் விட்டுக்கொண்டிருந்தது. மழைநீர்ச் சேகரிப்பு 2003-லிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம். இந்த வீட்டிலும் தொட்டி இருந்தது, மண் மூடி. தூர்வாரி, கூழாங்கல்லும் மணலும் மாற்றி, குழாயைத் திரும்ப அதில் விட்டாயிற்று.

ஆனி

சாமான் அடுக்குவதில் எனக்கும் இவருக்கும் வாக்குவாதம். என் விதி ஒன்றே ஒன்று: தரையிலிருந்து இரண்டடிக்குக் கீழே நனைந்தால் வீணாகிற எதுவும் இருக்கக் கூடாது. பாத்திரம், இரும்புச் சாமான் கீழே. துணி, அரிசி, புத்தகம் மேலே. இன்வெர்ட்டர் பேட்டரிக்குச் சுவரில் ஸ்டாண்ட், மோட்டாருக்கு உயரமான மேடை. “வாசப்படியத் தாண்டி ஏறலன்னுதானே சொன்னாங்க?” என்றார் இவர். அது அன்றைய ரோட்டுக்கு.

பச்சை ஃபைல் பரணில், பிளாஸ்டிக் உறையில். 2015 வெள்ளத்தில் பத்திரத்தையும் சான்றிதழையும் பறிகொடுத்தவர்களுக்காக அரசு சிறப்பு முகாம் நடத்தி நகல் கொடுக்க வேண்டிவந்தது. நம்முடைய எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மகளுக்கும் அனுப்பிவைத்தேன்.

புரட்டாசி, கடைசி வாரம்

மொட்டை மாடியைப் பெருக்கிக் குழாய் வாயில் கம்பிவலை வைத்தாயிற்று. பக்கத்து வீட்டு வேப்பமரம் உதிர்ப்பது அத்தனையும் இங்கேதான். சம்ப் கழுவியாயிற்று. மழைநீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தாயிற்று.

தெருவில் புதிதாக ரோடு போடப் போகிறார்களாம். ஜல்லி வந்து இறங்கிவிட்டது, சுரண்டும் இயந்திரம் வரவில்லை. மேஸ்திரியைக் கேட்டால், அப்படியே மேலே போடத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்கிறார். மாலையில் மாமி வீட்டில் கூடினோம். தண்ணீரே நிற்காது என்று சொன்ன அதே மாமிதான், சுரண்டிவிட்டுப் போடச் சொல்லும் மனுவில் முதல் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை காலை மாநகராட்சி ஆபீஸ் திறக்கும்போது போய் நிற்பதாக முடிவு. இஸ்திரிக்காரரும் வருகிறேன் என்றிருக்கிறார்.