மாமியின் கதிரைக்கு ஒரு வயர்



உங்கள் வீட்டில் வயது சென்றவர் யாராவது இருக்கிறாரா? இருந்தால் இன்று மாலை ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளைகளும் பெரியவர்களும் டீ.வி.க்கு முன்னால் கூடியிருக்கும் நேரம், அவர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். கூட இருக்கிறாரா? இருந்தால், மற்றவர்கள் சிரிக்கும்போது அவரும் சிரிக்கிறாரா, இல்லை மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்த பிறகு சிரிக்கிறாரா என்று கவனியுங்கள்.

நான் இதைப் பல மாதங்களாகக் கவனிக்கவில்லை. அந்தக் குற்றத்தை உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் மாமிக்கு வயது எழுபத்து நான்கு. மாமா மௌத்தான பிறகு தெஹிவளையில் எங்களோடுதான் இருக்கிறார். அந்தக் காலத்து மனுஷி. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையைக் கேட்டுக்கொண்டே சமைத்துப் பழகியவர். 1982ஆம் ஆண்டு ரூபவாஹினி ஆரம்பித்தபோது, எங்கள் தெருவில் ஒரேயொரு வீட்டில்தான் டீ.வி. இருந்தது, முழுத் தெருவும் அங்கே போய் நிற்கும் என்று இன்றைக்கும் கதை சொல்வார். அப்படிப்பட்டவருக்கு மாலைச் செய்தி என்றால் சாப்பாட்டை விடப் பெரியது.

ஆனால், வர வர எங்கள் வீட்டில் அந்தச் செய்தி நேரம் சண்டை நேரமாகிவிட்டது. மாமி வொலியூமைக் கூட்டுவார். பக்கத்து அறையில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகன் கதவைத் திறந்து, “உம்மா, படிக்க ஏலாம இருக்கு” என்பான். நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, “கொஞ்சம் குறைங்க மாமி” என்று ரிமோட்டை எடுத்துக் குறைப்பேன். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் கூடிவிடும். “எவ்வளவு செல்லியும் கேக்கிறாங்க இல்ல” என்று இவரிடம் முறைப்பாடு சொல்வேன். கேட்காதவரைப் பார்த்து, சொன்னதைக் கேட்கிறார் இல்லை என்று குறை சொல்லியிருக்கிறேன், பாருங்கள்!

பிறகு சத்தம் தானாகவே நின்றது. மாமி வொலியூமைத் தொடுவதில்லை. எனக்கு நிம்மதி. ஒரு நாள் இளைய மகனிடம், “அந்த ஆள் என்ன சென்ன?” என்று மாமி கேட்டார். அவன் கண்ணை எடுக்காமல், “பிறகு செல்றேன் வாப்பும்மா” என்றான். அந்தப் ‘பிறகு’ வரவே இல்லை. அடுத்த கிழமை மாமி ஹோலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். கேட்டால், “எனக்கு அலுப்பா ஈக்கி மகள், நீங்க பாருங்க” என்பார்.

ஒரு பகல், வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்து நான் கடையிலிருந்து வந்தேன். டீ.வி. ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தம் முழுவதும் நிறுத்தப்பட்டிருக்கிறது. மாமி மட்டும் கதிரையில் இருந்து, பேசுகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“என்ன மாமி, சத்தம் இல்லாம?”

“சத்தம் வெச்சாலும் எனக்கு ஒண்டும் வெளங்குதில்ல மகள். பொறகு சும்மா என்னத்துக்கு மத்தவங்களுக்குத் தொந்தரவு?”

எனக்கு அன்று பகல் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகுதான் நான் இதைப்பற்றித் தேடி வாசித்தேன். விளங்கிய சகோதரிகளிடம் கேட்டேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதுமையில் கேட்கும் சக்தி எல்லாச் சத்தத்துக்கும் ஒரே மாதிரிக் குறைவதில்லை. உயர்ந்த சுருதியில் உள்ள மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகின்றன. ‘ஆ’, ‘ஓ’ போன்ற உயிரொலிகள் பலமானவை, அவை கேட்கும். ச, ப, க, த போன்ற மெய்யொலிகள் மெல்லியவை, அவை நழுவிவிடும். ‘பாட்டு’ என்றாலும் ‘காட்டு’ என்றாலும் அவர்களுக்கு ‘ஆட்டு’ என்பதுபோலத்தான் விழும். யாரோ பேசுவது கேட்கும். என்ன பேசுகிறார் என்பது விளங்காது. மாமி சொன்னதும் அதுதானே!

இரண்டாவது காரணம் எங்கள் டீ.வி. பழைய பெட்டி டீ.வி.யில் ஸ்பீக்கர் பெரும்பாலும் எங்களைப் பார்த்தபடி முன்புறமாகவோ பக்கத்திலோ இருந்தது. இப்போதைய தட்டையான டீ.வி.யில் அதற்கு இடமில்லை. சிறிய ஸ்பீக்கர்களைக் கீழ்ப்பக்கமாகவோ பின்பக்கமாகவோ வைத்துவிடுகிறார்கள். சத்தம் தரையிலும் சுவரிலும் பட்டுத்தான் எங்களிடம் வருகிறது. படம் பளிங்குபோல, பேச்சு மூடிய பானைக்குள்ளிருந்து வருவதுபோல.

மூன்றாவது, தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். அறைக்குள் அவ்வளவு குறையாவிட்டாலும், சுவர்களில் பட்டுத் திரும்பும் சத்தம் பேச்சோடு கலந்து குழப்பும். மாமியின் கதிரை டீ.வி.யிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி இருந்தது.

அப்படியானால் செய்ய வேண்டியது சத்தத்தைக் கூட்டுவதல்ல. சத்தத்தை மாமியின் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது. அலுமாரிக்கு மேலே, மாமா 1986ஆம் ஆண்டு சவூதியிலிருந்து கொண்டுவந்த கசட் செட் தூசு பிடித்துக் கிடந்தது. இரண்டு நல்ல ஸ்பீக்கர்கள். கசட் ஓடாது, உள்ளே பெல்ட் அறுந்துவிட்டது. ஆனால் ஒலியைப் பெருக்கும் பகுதிக்கு ஒரு குறையும் இல்லை.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய், “டீ.வி.யையும் ஸ்பீக்கரையும் இணைக்கிற வயர் ஒன்று தாங்க” என்றேன். தந்தார்கள். வீட்டில் வந்து பார்த்தால், வயரின் நுனி டீ.வி.யில் போகிறது, செட்டில் போக இடமே இல்லை. அது எச்.டி.எம்.ஐ. வயர். கடைக்காரரில் பிழையில்லை, என்ன செட் என்று நான் சொல்லவே இல்லையே. அந்தக் காசும் பஸ் காசும் எனக்குப் படிப்பினை. நீங்கள் கடைக்குப் போகுமுன் டீ.வி.யின் பின்புறத்தையும் செட்டின் பின்புறத்தையும் பார்த்து, துளைகளை ஒரு தாளில் வரைந்துகொண்டு போங்கள். போனில் படம் பிடித்தாலும் சரி.

பொதுவாக மூன்று வழிகள் உண்டு. மூன்றுக்கும் ஒரு வயர் போதும்.

புதிய ஸ்பீக்கர் வாங்குகிறவர்களுக்கு எச்.டி.எம்.ஐ. வழி இலகு. டீ.வி.யில் ‘ஏ.ஆர்.சி.’ என்று எழுதியிருக்கும் துளையில்தான் மாட்ட வேண்டும். ஸ்பீக்கரிலும் அந்த எழுத்து இருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டு வந்த முறை இது. டீ.வி.யின் அமைப்புகளில் அதை இயக்கிவிட்டால் பெரும்பாலும் டீ.வி. ரிமோட்டாலேயே ஸ்பீக்கரின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கலாம்.

இரண்டாவது ஒப்டிகல் வயர். டொஷிபா நிறுவனம் 1983ஆம் ஆண்டு கொண்டுவந்தது. இதில் மின்சாரம் ஓடுவதில்லை. சிவப்பு வெளிச்சமாகச் சத்தம் போகிறது. நுனியிலுள்ள சிறு மூடியைக் கழற்றிவிட்டு மாட்ட வேண்டும். கூர்மையாக மடிக்கக் கூடாது. சத்தம் வராவிட்டால் டீ.வி.யின் ஒலி அமைப்பில் ‘பி.சி.எம்.’ என்பதைத் தெரிவு செய்து பாருங்கள். டீ.வி.யின் சொந்த ஸ்பீக்கரும் சேர்ந்து பேசினால் எதிரொலிபோல் கேட்கும். அதை நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவது, எங்களைப்போல் பழைய செட் வைத்திருப்பவர்களுக்கு. டீ.வி.யில் ஹெட்போனின் சிறு படம் போட்ட வட்டத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒரு நுனியில் 3.5 மில்லிமீட்டர் பிளக்கும் மறு நுனியில் சிவப்பு, வெள்ளை என இரண்டு பிளக்கும் உள்ள வயர் போதும். இம்மூன்றிலும் விலை குறைந்ததும் பெரும்பாலும் இதுதான். டீ.வி.யில் அந்தத் துளை இல்லாமல் ஒப்டிகல் மட்டும் இருந்தால், நடுவில் ஒரு சிறு மாற்றிப் பெட்டி வைக்க வேண்டிவரும்.

இரண்டாம் முறை தாளோடு போய், ஐந்து மீட்டர் நீளத்தில் அந்த வயரை வாங்கி வந்தேன். மகன்மார் செட்டை இறக்கித் துடைத்தார்கள். மாமி அறை வாசலில் வந்து நின்றார்.

“இது உங்கட மாமா கொண்டுவந்த செட்டல்லா?”

“ஓம் மாமி. உங்களுக்குத்தான்.”

டீ.வி.யையும் செட்டையும் நிறுத்திவிட்டு மாட்டினோம். சிவப்பு சிவப்பில், வெள்ளை வெள்ளையில், ‘ஒக்ஸ்’ என்று எழுதிய துளைகளில். ‘ஃபோனோ’ என்று எழுதியிருப்பது இசைத்தட்டுக்கு உரியது. அதில் மாட்டினால் சத்தம் அலறி உடையும். செட்டின் சத்தத்தைப் பூச்சியத்தில் வைத்து, டீ.வி.யின் சத்தத்தை நடுவில் வைத்து, பிறகு செட்டை மெல்ல மெல்லக் கூட்டினோம். முதலில் ‘உம்...’ என்று ஓர் இரைச்சல். வயர் கரண்ட் வயரோடு ஒட்டிக் கிடந்தது, விலக்கியதும் குறைந்தது. ‘பேஸ்’ குமிழைக் குறைத்து, ‘ட்ரெபிள்’ குமிழைச் சற்றுக் கூட்டினோம். மெய்யொலிகள் துலங்க அது உதவும். வயரைச் சுவரோரமாகக் கொண்டுபோய் ஒட்டினோம். நடைவழியில் விட்டால், கேட்க வைக்கப்போய் விழ வைத்தவர்களாகிவிடுவோம்!

கதிரையின் இரு பக்கமும் காது உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள். ஹெட்போன் துளையில் மாட்டியதும் டீ.வி.யின் சொந்தச் சத்தம் நின்றுவிட்டது. செய்தி ஆரம்பித்தது. மாமி தலையை இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார். ஒன்றும் பேசவில்லை. எனக்கோ பயம். செய்தி முடிந்த பிறகு, “களுத்துறைப் பக்கம் மழை கூடவாம் மகள், உங்கட தாத்தாவுக்கு கோல் எடுத்துப் பாருங்க” என்றார்.

அவ்வளவுதான். ஆனால் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, மாமி எங்களுக்கு ஒரு செய்தி சொன்னார். அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்த மகன் கதவைத் திறக்கவே இல்லை. அவனுக்கு முன்பைவிடச் சத்தம் குறைவு. மாமிக்கு முன்பைவிடத் தெளிவு.

சகோதரிகளே, ஒரு வயரால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. காது காதுதான். “உங்கட காதை ஒருக்கா டொக்டருக்குக் காட்டுவமா?” என்று அன்றிரவு என்னால் கேட்க முடிந்தது, அவராலும் “சரி” என்று சொல்ல முடிந்தது. இதற்கு முன் கேட்டிருந்தால் அது குற்றம் சாட்டுவதுபோல இருந்திருக்கும். டொக்டர் பார்த்து, ஒரு காதில் இறுகியிருந்த குறும்பியை எடுத்தார். மற்றது வயதால் வந்த குறை, கருவி போட்டால் நல்லது என்றார். மாமி முதலில், “கெழவிக்கு என்னத்துக்கு அது” என்று மறுத்தார். சில மாதங்களில் இணங்கினார். கருவியோடு இருக்கும்போதும் அந்தக் கதிரையையும் ஸ்பீக்கர்களையும் விடுகிறார் இல்லை.

காதைப் பரிசோதிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். அதற்கு வயரும் ஸ்பீக்கரும் மருந்தல்ல.

போன கிழமை ஒரு நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. இளையவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலையை நிமிர்த்தி, “அவர் என்ன சென்ன வாப்பும்மா?” என்று கேட்டான்.

மாமி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “பிறகு செல்றேன் மகன்” என்றார்.

வீடே சிரித்தது. இந்த முறை மாமிதான் முதலில் சிரித்தார்.