நாலாயிரத்துக்கு மேலே

“தேன்சிட்டெல்லாம் இப்ப வர்றதே இல்லடா” என்று அப்பா சொன்னபோது, அவர் தலைக்கு நாலடி மேலே, செம்பருத்திக் கிளையில் உட்கார்ந்து அது கத்திக்கொண்டிருந்தது. விளையாடுகிறாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தெருமுனை செல்போன் டவர் பக்கம் கையைக் காட்டினார். “எல்லாம் அதால வந்தது.”

டவர் கதையை ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அதை வைத்து சினிமாவே வந்துவிட்டது. 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைகிறது என்றது. அப்பாவிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். “அறிக்கை எழுதுனவன் நம்ம கொல்லைக்கு வந்தானா?” என்று கேட்டார்.

பறவைகளைக் காதால் அடையாளம் காண எனக்குச் சொல்லித்தந்தவரே அவர்தான். பைனாகுலரெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. முருங்கையும் கொய்யாவும் வாழையும் அடைத்துக்கொண்டிருக்கும் கொல்லையில் கண்ணில் படுவது கொஞ்சம்தான். காதில் விழுந்த பிறகுதான் கண் அந்தப் பக்கம் போகும். வெயில் நாளில் ‘டுக், டுக், டுக்’ என்று யாரோ செம்பு தட்டுவதுபோல நிற்காமல் கேட்டால் குக்குறுவான். கிணற்றடிப் புதரிலிருந்து, குடத்துக்குள் வாயை வைத்துக் கூப்பிட்ட மாதிரி ‘ஊப், ஊப், ஊப்’ என்று வந்தால் செம்போத்து. ‘கூ...ஊ’ என்று ஏறிக்கொண்டே போவது ஆண் குயில். பெண் குயிலுக்கு அந்தப் பாட்டு கிடையாது, ‘கிக் கிக் கிக்’ என்று கத்தும், அவ்வளவுதான். சினிமாப் பாட்டு எழுதுகிறவர்களுக்கு இதை யாராவது சொல்லணும் என்பார். ஒரு கோடை விடுமுறையில் ‘ச்சிப் ச்சிப் ச்சிப்’ என்று விடாமல் கேட்ட ஒரு பறவையை மூன்று நாள் தேடி அலைந்தேன். நாலாம் நாள் சொன்னார், “அது அணில்டா.” முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

வீட்டிலிருந்தே வேலை என்றான பிறகு, மாதத்தில் பாதி நாள் மயிலாடுதுறைப் பக்கத்து எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் என் லேப்டாப் இருக்கிறது. காலை மீட்டிங்குக்கு முன்னால் போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவேன். அதில் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி இருக்கிறது. கேட்கிற ஒலியை அது முதலில் ஒரு படமாக மாற்றிக்கொள்ளும். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் அதிர்வெண். ஸ்பெக்ட்ரோகிராம் என்பார்கள். பிறகு, போட்டோவில் இருப்பது பூனையா நாயா என்று சொல்கிற அதே வகை நிரலை அந்தப் படத்தின்மேல் ஓட்டும். என் தொழிலுக்குப் பக்கத்து வீட்டு சமாச்சாரம் என்பதால், பறவையின் பெயரைவிட அந்தப் படத்தைத்தான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தேன்சிட்டு விஷயத்துக்கு மறுநாள் காலைப் பதிவைத் திறந்தபோது ஒன்று உறைத்தது. அப்பா இன்னும் பெயர் சொல்கிற பறவைகள் எல்லாமே படத்தின் அடிப்பக்கத்தில் இருந்தன. செம்போத்து ஆயிரம் ஹெர்ட்ஸுக்கும் வெகு கீழே. புள்ளிப்புறா அதையொட்டி. குயில் ஆயிரத்தைச் சுற்றி. காக்கை ஆயிரத்துக்கு மேலேயும் கீழேயுமாகக் கிறுக்கிவைத்திருந்தது. ‘வர்றதே இல்லை’ என்று அவர் சொன்ன தேன்சிட்டின் கீற்றுகள் நாலாயிரத்துக்கு மேலே, தலைகீழாகச் சிந்திய கடுகுபோலக் கிடந்தன. நாலாயிரம் என்பது பியானோவின் கடைசிக் கட்டைக்குக் கிட்டத்தில். ஸ்கேல் வைத்துக் கோடு போடலாம் போலிருந்தது. ரொம்பத் துல்லியமான கோடும் இல்லை. தையல்சிட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து கத்தினால் நிமிர்ந்து பார்ப்பார், வேலிக்குப் போய்விட்டால் அதுவும் ‘வர்றதில்லை’தான்.

அக்காவும் நானும் காது டாக்டரிடம் கூட்டிப்போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “ஐயா எங்க வேலை பார்த்தீங்க?” முப்பத்தொரு வருடம் ரைஸ் மில்லில் சூப்பர்வைசர். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சுகூட யாரும் கொடுத்ததில்லை. ஆடியோகிராம் தாளில் கோடு கொஞ்ச தூரம் சமதரையாகப் போய், பிறகு படித்துறைபோல இறங்கியது. உள்காதின் நத்தைக்கூட்டில், மேல் ஸ்தாயிக்கான நுண்மயிர்ச் செல்கள் வாசலிலேயே இருக்கின்றன. அவைதான் முதலில் தேய்கின்றன. வயதும் அங்கேதான் கைவைக்கிறது, மில் இரைச்சலும் அங்கேதான் அடித்திருக்கிறது. போன செல் திரும்ப முளைக்காது.

அன்று பஸ்ஸில் வரும்போது என் ஹாஸ்டல் நாட்கள் ஞாபகம் வந்தன. ஞாயிறு காலை காயின் பாக்ஸிலிருந்து வீட்டு லேண்ட்லைனுக்குப் பேசுவேன். அப்பாவின் குரலுக்குப் பின்னால் குயில் கேட்கும், காக்கை கேட்கும். தேன்சிட்டு கேட்டதே இல்லை. கேட்கவும் முடியாது. மனிதப் பேச்சு புரிய இவ்வளவு போதும் என்று 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டும் கடத்துகிற மாதிரிதான் பழைய தொலைபேசியை வடிவமைத்திருந்தார்கள். செமஸ்டரில் அதைப் படித்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். இப்போது அப்பா அந்த லைனில்தான் எங்களோடு இருக்கிறார். பேச்சு புரிகிறதே என்று நாங்களும் இத்தனை வருடம் கவனிக்கவில்லை.

பேச்சும் முழுதாகப் புரிந்திருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ச, ஸ, ஷ எல்லாம் மேல் ஸ்தாயி எழுத்துகள். அக்கா மகள் மழலையில் வேகமாக ஏதாவது கேட்டால் அப்பா சும்மா தலையாட்டுவார். “புள்ள வாய்க்குள்ளயே பேசுது” என்பார். “தாத்தாவுக்கு என்னைப் பிடிக்கல” என்று அவள் ஒருநாள் சொல்லிவிட்டாள். டவரைப் பற்றிச் சிரித்த எனக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு வரவில்லை.

காதுக்கருவி வாங்கினோம். இரண்டு நாள் போட்டிருந்தார். தட்டு கழுவுகிற சத்தம் மண்டைக்குள் இடிக்கிறது, பேப்பரைப் புரட்டினால் மழை பெய்கிறது என்று கழற்றி, பீரோவில் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துவிட்டார். பழக வாரக்கணக்காகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதை நாங்கள் அவருக்குச் சரியாகச் சொல்லவில்லை.

நான் என் வழியில் போனேன். தேன்சிட்டின் பதிவை எடுத்து, பைத்தானில் பத்து வரி எழுதி, நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓட விட்டேன். ஆறாயிரத்தில் இருப்பது ஆயிரத்தைந்நூறுக்கு இறங்கிவிடும், அவர் காதுக்கு எட்டும். ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார்.

“நல்லா கேக்குது. என்ன பறவைடா இது?”

“தேன்சிட்டுப்பா.”

“போடா. இது ஏதோ பெரிய பறவை. வயசானது.”

அந்த ஃபைலை நான் அழித்துவிட்டேன்.

போன வாரம் மதியம், மீட்டிங்கில் மைக்கை மியூட்டில் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொல்லைப்படியில் அப்பா. அவருக்கு எதிரே, முகத்துக்கு நேராக, பாப்பா. ஏதோ ஒன்றை அவள் கேட்டிருக்க வேண்டும். வாயைக் குவித்து “ட்விட், ட்விட், ட்விட்” என்று அவருக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தாள். ஆறு வயதுக் குரல்தான், ஆனாலும் மனிதக் குரல். பறவைக்கு எவ்வளவோ கீழே.

“விட்டு விட்டா, விடாமயா?”

“விடாம, தாத்தா.”

“ஒரே மாதிரியா, மாத்தி மாத்தியா?”

அவள் திரும்பிக் கொஞ்ச நேரம் காது கொடுத்தாள். “ஒரே மாதிரி.”

“எவ்ளோ பெருசு?”

கட்டைவிரலைக் காட்டினாள்.

“வாலைத் தூக்கிட்டு நிக்குதா பாரு. போய் நல்லாப் பாத்துட்டு வா. ஓடாத, பறந்துரும்.”

அவள் செருப்பில்லாமல் அடிமேல் அடி வைத்துச் செம்பருத்தியை நோக்கிப் போனாள். ஹெட்போனில் யாரோ என் பெயரை இரண்டாம் முறையாகக் கூப்பிட்டார்கள்.